விலைவாசியும் அதனை அளக்கும் கோலும்

2025 அக்டோபர் மாதத்திற்கு இந்தியாவின் சில்லறைப் பணவீக்கம் 0.25 விழுக்காடு என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் அறிவித்தது. 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண் வரிசையில் அதுவரை காணாத குறைந்த அளவு இது. உணவுப் பொருள்களை மட்டும் தனியே பார்த்தால் விலை 5.02 விழுக்காடு இறங்கியிருந்தது. செய்தியைப் படித்துவிட்டு மளிகைக் கடைக்குச் சென்றவர்களுக்கு அந்த இறக்கம் கண்ணில் பட்டதா? பெரும்பாலோர் இல்லை என்பர். 'அரசுக் கணக்கே இப்படித்தான்' என்று உடனே ஒரு தீர்ப்பும் கூறிவிடுவர். அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. குறியீட்டெண்ணில் குறை உண்டு. ஆனால் அது இருக்குமிடம் வேறு.

இயந்திரவியல் பயிலும் மாணவருக்குத் தொலைவு வேறு, வேகம் வேறு என்று முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிறோம். பணவீக்கம் என்பது வேகம். விலைவாசி என்பது கடந்த தொலைவு. 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 விழுக்காடு. ஆகவே அப்பொருளின் விலை 110 ரூபாய் 87 காசு ஆயிற்று. மறு ஆண்டில் அதிலிருந்து 5.02 விழுக்காடு கழிந்தால் ஏறத்தாழ 105 ரூபாய் 30 காசு. விலை இறங்கியது என்று அமைச்சகம் சொன்னது மெய். முன்னைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று குடும்பத் தலைவி சொன்னதும் மெய். ஒருவர் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டார். மற்றவர் தம் நினைவில் நின்ற விலையோடு ஒப்பிட்டார். செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் விளக்கியிருந்தால் பாதிச் சச்சரவு தீர்ந்திருக்கும்.

கணக்கிடும் முறையைக் குறைகூற இடம் அதிகம் இல்லை. இந்த வரிசைக்காக 310 நகரங்களின் 1,114 சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை சேகரிக்கப்பட்டது. ஒரே பொருளுக்குப் பல கடைகளில் கிடைத்த விலைகளைச் சேர்க்கும் முறையில் ஒரு நுட்பமும் இருந்தது. ஒரு கடையில் கத்தரிக்காய் 40 ரூபாயிலிருந்து 80 ஆகிறது. அடுத்த கடையில் 40லிருந்து 20 ஆகிறது என்போம். விலை விகிதங்கள் 2, 0.5. இவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 1.25, அதாவது 25 விழுக்காடு ஏற்றம். மறு மாதம் இரு கடைகளிலும் விலை பழையபடி 40 ஆகிவிட்டால், மாதாமாதம் இவ்வாறே கணக்கிடுவோர்க்கு மீண்டும் 1.25 கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் 1.56! ஒரு காசுகூட ஏறாத பொருளுக்கு 56 விழுக்காடு ஏற்றம் காட்டும் கணக்கு இது. விகிதங்களைப் பெருக்கி வர்க்கமூலம் காணும் பெருக்குச் சராசரியில் இந்தக் கோளாறு நேராது. 2012 வரிசையில் இம்முறையே கையாளப்பட்டது. பாராட்ட வேண்டிய செயல்.

குறை எடைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் மக்கள் செலவில் எத்தனை பங்கோ அத்தனை எடை. தக்காளியின் எடை 0.57 விழுக்காடு. 2023 ஜூலையில் தக்காளி விலை ஓராண்டில் மும்மடங்கானபோது, மொத்தப் பணவீக்கத்தில் அதன் பங்கு தோராயமாக ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்குச் சற்று மேல். அம்மாதப் பணவீக்கம் 7.44. இந்த எடைகள் 2011-12 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. 2017-18இல் எடுத்த கணக்கெடுப்பைத் தரம் போதவில்லை என்று அரசு வெளியிடவில்லை. இதற்கிடையில் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 52.9 விழுக்காட்டிலிருந்து 2022-23இல் 46.38 ஆகவும், நகரங்களில் 42.62லிருந்து 39.17 ஆகவும் குறைந்துவிட்டது. பழைய எடை உணவை மிகைப்படுத்தியது. உணவு விலை ஏறும்போது குறியீட்டெண் அளவுக்கு மீறித் துள்ளும். இறங்கும்போது அளவுக்கு மீறிச் சரியும். வியப்பூட்டிய அந்த 0.25இல் இச்சரிவுக்கும் பங்கு உண்டு.

இதைவிட மோசமானது விவசாயத் தொழிலாளருக்கான குறியீட்டெண். 1986-87 அடிப்படை, எடைகளோ 1983 கணக்கெடுப்பினுடையவை, உணவுக்கு 69 விழுக்காடு. இது 2025 வரை வழக்கிலிருந்தது! மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தின் கூலி இதை வைத்தே ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வந்தது. கைப்பேசியும் ஆங்கிலப் பள்ளிக் கட்டணமும் இல்லாத காலத்துச் செலவுப் பட்டியல் இக்காலக் கூலியை நிர்ணயித்தது. நாற்பதாண்டு அளவுத்திருத்தம் செய்யாத வெப்பமானியை எந்த ஆய்வுக்கூடமாவது ஏற்குமா? உணவு விலை தணிந்து மருந்துச் செலவும் பேருந்துக் கட்டணமும் ஏறிய ஆண்டுகளில் இழப்பு யாருக்கு என்பதை நீங்களே கணிக்கலாம். 2025இல்தான் 2019ஐ அடிப்படையாகக் கொண்ட புது வரிசை வந்தது.

இன்னொன்றும் உண்டு. எடை தலைக்கு இத்தனை என்று கணக்கிடப்படுவதில்லை. ரூபாய்க்கு இத்தனை என்றே கணக்கிடப்படுகிறது. மாதம் ஒரு லட்சம் செலவிடும் குடும்பம், பத்தாயிரம் செலவிடும் குடும்பத்தைப்போல் பத்து மடங்கு கனம் பெறுகிறது. 'சராசரி நுகர்வோர்' எனப்படுபவர் உண்மையில் சற்றே வசதியானவர். எடைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதோடு, வருவாய்ப் பிரிவுவாரியாகவும் குறியீட்டெண் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. கணிப்பொறிக் காலத்தில் இது பெரிய வேலையன்று.

அதுவரை உங்கள் வீட்டுக் குறியீட்டெண்ணை நீங்களே கணக்கிடலாம். மாதச் செலவு நோட்டில் பதினைந்து இருபது பொருள்களைத் தேர்ந்து, மொத்தச் செலவில் அவற்றின் பங்கை எடையாகக் கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து, ஒவ்வொன்றின் விலை விகிதத்தையும் எடையால் பெருக்கிக் கூட்டி, எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் போதும். பொருளும் தரமும் மாறக்கூடாது. பொட்டலத்தின் விலையைக் குறிக்காமல் கிராமின் விலையைக் குறியுங்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் ஆண்டுக்கணக்கில் ஐந்து ரூபாயாகவே இருக்க, உள்ளே இருக்கும் பிஸ்கட்டுகள்தாம் குறைந்துகொண்டு வருகின்றன.