ஜோட்டெரோ: தமிழ் ஆய்வாளருக்கு உதவுமா?

முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி மாதம் சிந்தனையில் கழிவதில்லை, துணைநூற்பட்டியலில் கழிகிறது. அடிக்குறிப்பில் வந்த நூல் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ளதை எங்காவது மேற்கோள் காட்டியிருக்கிறோமா, அது இரண்டாம் பதிப்பா மூன்றாம் பதிப்பா என்று தேடி அலைவதற்குள் நெறியாளர், “எல்லாத்தையும் ஏபிஏ முறைக்கு மாத்திடுங்க” என்று சொல்லிவிடுவார். அதன்பிறகு டிடிபி சென்டரில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான காற்புள்ளிகளை இடம் மாற்ற வேண்டியதுதான்.

இந்தத் தலைவலியைக் கணினியிடம் தள்ளிவிடப் பல மென்பொருள்கள் உண்டு. அவற்றில் நான் அன்றாடம் புழங்குவது ஜோட்டெரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றையும் புதிய ஊடகத்தையும் சேர்த்து ஆராயும் மையம் ஒன்று 2006இல் இதை வெளியிட்டது. வரலாற்றுக்காரர்கள் வீட்டிலிருந்து வந்த பிள்ளை என்பதால், ஆய்விதழ்க் கட்டுரையோடு நிற்காமல் கையெழுத்துப் பிரதி, கடிதம், நேர்காணல், வரைபடம் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படிவம் வைத்திருக்கிறது. இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். போட்டி மென்பொருளான எண்ட்நோட்டை அப்போது வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்கே போட்டது. அடுத்த ஆண்டு வழக்கு தள்ளுபடியானது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உலாவியில் இதன் இணைப்பானை நிறுவிக்கொண்டு, ஜேஸ்டோர் போன்ற தளத்தில் ஒரு கட்டுரையைத் திறந்து பொத்தானைத் தட்டினால் போதும். ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், பக்க எண் எல்லாம் தானாக வந்து சேரும். உங்களுக்கு அனுமதி இருந்தால் பிடிஎஃப் கோப்பும் கூடவே இறங்கும். வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ எழுதும்போது மேற்கோள் வேண்டிய இடத்தில் நூலைத் தேர்ந்தெடுத்தால், கடைசியில் பட்டியல் தானே உருவாகும். நெறியாளர் முறையை மாற்றச் சொன்னால் ஒரு தெரிவை மாற்றினால் ஆயிற்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள் நடைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அறிவியல் துறையினருக்கு இன்னொரு வசதி: திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரத்தில் இருந்தால் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். 2019 முதல் இது இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் ஆங்கிலக் கட்டுரைகளை மட்டுமே தொட்டு வேலை செய்பவருக்குக் கிடைக்கும் சொகுசு. தமிழ் நூல்களோடு மல்லுக்கட்டுபவருக்கு?

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டுகிறது மென்பொருள். உ.வே. சாமிநாதையருக்கு எது குடும்பப்பெயர்? ‘உ’ ஊர், ‘வே’ தகப்பனார். கட்டத்தின் ஓரத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதில் ‘சாமிநாதையர், உ.வே.’ என்று தட்டினால் எழுதியது எழுதியபடியே அச்சாகும், அகரவரிசையும் சரியாக விழும். இதற்கும் ஒரு விலை உண்டு. கட்டுரைக்குள் அடைப்புக்குறியில் வரும் குறுமேற்கோளிலும் அந்த முழுப்பெயரே தலைகாட்டும். எந்த வழி என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து எல்லா நூலுக்கும் அதையே பின்பற்றுங்கள். பாதியில் மாற்றினால் ஒரே ஆசிரியர் இரண்டு பேராகிப் பட்டியலில் வெவ்வேறு இடங்களில் போய் உட்கார்ந்துவிடுவார்.

ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் நூலின் விவரத்தைத் தேடித்தரும் வசதியும் தமிழ்ப் பதிப்புகளுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் இல்லாததை அது எங்கே போய்த் தேடும்? பழைய பதிப்புகளுக்கோ அந்த எண்ணே கிடையாது. ஆகவே கையால்தான் பதிய வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் நூல் கையில் இருக்கும்போதே செய்துவிட்டால் பின்னால் அதற்காக மறுபடி நூலகப் படியேற வேண்டியதில்லை. மொழிக் கட்டத்தை நிரப்ப மறக்காதீர்கள். தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில் பதிபவர்களுக்கு இது மிக முக்கியம். மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், சில நடைகளில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் ஆங்கில வழக்கப்படி பெரிதாக்கிவிடும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த பட்டியலில்தான் இதன் பெரிய குறை தெரிகிறது. ஓர் ஆவணத்துக்கு ஒரே மொழி என்பது இதன் கணக்கு. ஆங்கில நடையைத் தேர்ந்தால், மூன்று நான்கு பேர் சேர்ந்து எழுதிய தமிழ் நூலுக்குப் பக்கத்திலும் ‘எட் ஆல்’ என்று ஆங்கிலத்தில்தான் விழும். ‘மற்றும் பிறர்’ வேண்டுமென்றால் கடைசியில் கையால் திருத்த வேண்டும்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் நான் இதை விடாததற்குக் காரணம், 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கும் பிடிஎஃப் வாசிப்பான். நம் பழைய நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் படங்களாகவே கிடைக்கின்றன. அவற்றில் வரியைத் தேர்ந்து மஞ்சள் பூச முடியாது. ஆனால் பக்கத்தில் வேண்டிய பகுதியைக் கட்டம் போட்டு வெட்டியெடுக்கலாம். அந்தத் துண்டோடு உங்கள் கருத்தையும் எழுதி வைக்கலாம். நூல் முழுக்கப் படித்து முடித்தபின் ஒரு கட்டளையில் எல்லாத் துண்டுகளும் பக்க எண்ணோடு ஒரே குறிப்பாகத் திரண்டு வரும். எண்ணைச் சொடுக்கினால் அந்தப் பக்கமே திறக்கும். முன்னுரைப் பக்கங்களால் ஸ்கேன் எண்ணும் அச்சு எண்ணும் வேறுபட்டால், ஓரிடத்தில் திருத்தி, அடுத்து வரும் பக்கங்களுக்கும் பொருந்தச் செய்யலாம். கல்வெட்டுப் பக்கங்களையும் பழைய இதழ்களையும் படிப்பவருக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதை நிறுவலாம். 2024இல் வந்த ஏழாம் பதிப்பு இபப் நூல்களிலும் சேமித்த இணையப் பக்கங்களிலும் இதேபோல் குறிப்பெழுத வழி செய்தது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் பிடிஎஃப்புக்குள் எழுதப்படுவதில்லை, ஜோட்டெரோவின் தரவுத்தளத்தில்தான் இருக்கும். நண்பருக்கு அனுப்புவதானால் ஏற்றுமதி செய்து அனுப்புங்கள், வெறும் கோப்பை நகலெடுத்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

தேடல் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. வழக்கமான அமைப்பில் ஒரு கோப்பின் முதல் 100 பக்கங்களைத்தான் அட்டவணைப்படுத்தும். 300 பக்க ஆய்வேட்டின் நடுவில் உள்ள சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்றே சொல்லும். அமைப்புகளில் அந்த எண்ணைக் கூட்டிவிடுங்கள். ஸ்கேன் படங்களில் தேட எழுத்துணரி (ஓசிஆர்) வேண்டும். அது ஜோட்டெரோவில் இல்லை. தமிழுக்கும் பயிற்சித் தரவுள்ள டெசராக்ட் என்ற எழுத்துணரி இலவசம், பக்கப் படங்களை அதில் ஒருமுறை ஓட்டி, கிடைக்கும் பிடிஎஃப்பை இங்கே சேர்க்கலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப்களிலும் தேடல் பலிக்காது. திரையில் தமிழாகத் தெரிவதெல்லாம் உள்ளே ஆங்கிலக் குப்பை. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஓர் ஆய்வேடு இயல் இயலாகப் பல கோப்புகளாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனி நூலாகப் பதியாதீர்கள், ஒரே பதிவின் கீழ் எல்லாவற்றையும் தொங்கவிடுங்கள்.

இனிச் செலவு. இணையத்தில் கோப்பு சேமிக்க 300 எம்பி இலவசம், 2 ஜிபிக்கு ஆண்டுக்கு 20 டாலர். ஸ்கேன் நூல்கள் ஐந்தாறு சேர்ந்தாலே இலவச இடம் தீர்ந்துவிடும். பதறத் தேவையில்லை. நூல் விவரமும் குறிப்புகளும் அந்தக் கணக்கில் வராது. கோப்பு ஒத்திசைவை அணைத்துவிட்டு, விவரங்களை மட்டும் ஒத்திசைத்தால் காசு செலவில்லை. ஆனால் ஒத்திசைவு என்பது காப்புநகல் ஆகாது. ஓரிடத்தில் தவறுதலாக அழித்தது எல்லா இடத்திலும் அழியும். மென்பொருளை மூடிவிட்டு, ‘ஜோட்டெரோ’ என்ற கோப்புறையை அப்படியே ஒரு வெளி வன்வட்டில் வாரம் ஒருமுறை நகலெடுத்து வையுங்கள். அந்தக் கோப்புறையை டிராப்பாக்ஸுக்குள்ளோ கூகுள் டிரைவுக்குள்ளோ நகர்த்தி வைத்து வேலை செய்யாதீர்கள், தரவுத்தளம் சிதைந்துபோகும் அபாயம் உண்டு.

நெறியாளருக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கோப்பை அனுப்புமுன் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் மேற்கோள்களின் இணைப்பைத் துண்டியுங்கள். மூலத்தில் துண்டித்தால் மறுபடி ஒட்டவைக்க முடியாது.

என் தீர்ப்பு இதுதான்: கலையியல் ஆய்வாளருக்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. முதல் இயலைத் தொடங்கப்போகிறவர்கள் இன்றே நிறுவுங்கள். ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று மாதமே இருக்கிறவர்கள் இப்போது மாறாதீர்கள். பட்டம் வாங்கியபின் அடுத்த கட்டுரையிலிருந்து தொடங்கலாம்.