குறைந்த செலவு யாருக்கு?

நூலகம் என்றதும் நா இனிக்கப் பேசுவோர் பலர். அறிவின் ஊற்று என்பர். இருளகற்றும் விளக்கு என்பர். நூலகரை அவ்விளக்கை ஏந்தி நிற்கும் தொண்டர் என்பர். விளக்குக்கு எண்ணெய் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. ஏந்தி நிற்பவருக்கு உணவு வேண்டும் என்பது மட்டும் மறந்துவிடுகிறது! இம்மறதி தற்செயலானதன்று, தக்க காரணம் கற்பிக்கப்பட்டு வளர்க்கப்பட்டது. அது எப்படி என்பதை ஒரு பழைய சொற்பொழிவிலே காண்கிறோம்.

1886-ஆம் ஆண்டு மார்ச் திங்களில், அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் பெற்ற பெண்களின் அவையிலே மெல்வில் டியூயி பேசினார். நூல்களைப் பத்துப் பெரும் பிரிவாக வகுக்கும் தசமப் பகுப்பு முறையை 1876-இல் வெளியிட்டவர். அதே ஆண்டு பிலடெல்பியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் பிறந்தபோது முன்னின்றவர். படித்த பெண்களுக்கு நூலகப் பணி ஏற்றது என்று அவர் வாதிட்டார். வாதத்தோடு நில்லாமல், 1887-இல் கொலம்பியா கல்லூரியில் நூலகப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். பெண்களுக்கு வகுப்பறை தரமாட்டோம் என்று நிர்வாகத்தார் மறுத்தபோதும் அவர் பின்வாங்கவில்லை. அந்தத் துணிவைப் பாராட்டாதிருப்பது நேர்மையாகாது.

எனினும், கதவைத் திறந்த அதே கை கூலியைக் குறைத்தது! பெண்ணுக்கு ஊதியம் ஏன் குறைவு என்பதற்கு அப்பேச்சிலே காரணங்களை அடுக்கினார்: உடல்நலம் போதாது, அலுவல் பயிற்சி போதாது, நிலைத்து நிற்கமாட்டார். இம்மூன்று குறையும் நீங்கினாலும் ஆணைவிடச் சற்றுக் குறைவாகவே பெற வேண்டியிருக்கும் என்றார். பாரமான பெட்டியைத் தூக்க ஆண் வேண்டுமாம்! நாம் கேட்கிறோம்: பெட்டி தூக்கவா பட்டதாரியை அழைத்தீர்? பெண்ணுக்கு அலுவல் பயிற்சி கிட்டாமற் செய்தது யார்? மணமானதும் வேலையை விட்டு விலகச் சொன்னது இயற்கையா, சமுதாயமா? காலைக் கட்டிப்போட்டுவிட்டு, ஓடத் தெரியவில்லையே என்று கூலியைப் பிடிப்பது எந்த ஊர் நீதி?

பெண்ணுக்கென்று தொடங்கிய குறைப்பு, நாளடைவில் பெண்கள் மிகுந்த அத்தொழிலின் விலையாகவே ஆயிற்று. 1892-இல் நூலகச் சங்கம் ஏற்ற குறிக்கோளும் டியூயி வகுத்ததே: மிகப் பலருக்கு, மிகச் சிறந்த படிப்பு, மிகக் குறைந்த செலவில். கேட்பதற்கு இனிமை! ஆனால் அச்சகத்தான் விலையைக் குறைக்கவில்லை. கட்டிடம் எழுப்புவோன் குறைக்கவில்லை. குறைக்க இடங்கொடுத்தது நூலகரின் சம்பளம் ஒன்றே.

1981 ஜூலையில் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் இதற்கு விடை கிடைத்தது. நகராட்சியின் பணி மதிப்பீட்டில் மூத்த நூலகருக்கும் மூத்த வேதியியலாருக்கும் ஒரே மதிப்பெண். ஊதியத்திலோ நூலகர் கீழே. நூலகர் உள்ளிட்ட நகராட்சி ஊழியர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 15 இலட்சம் டாலர், ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஒதுக்கப்பட்டது.

அதனைப் பெற்றுத் தந்தது ஊழியர்களின் தொழிற்சங்கம். பட்டியல் முறையையும் பயிற்சித் தரத்தையும் பேணிவந்த நூலகச் சங்கமோ, கல்வி அறநிறுவனம் என்ற சட்ட வரம்புக்குள் நின்றது. ஊழியர் நலனுக்கும் ஊதியச் சமன்மைக்கும் பாடுபடவென்று தனியாக ஒரு துணை அமைப்பை அது நிறுவியது 2001-இல்! பிறந்து 125 ஆண்டு கழிந்த பின்னர்!

வரம்பு உண்டென்றால், அதற்கு வெளியே அமைப்புக் காணும் வழியும் உண்டென்பதை அச்சங்கமே மெய்ப்பித்தது. எனவே காலதாமதத்துக்குச் சட்டத்தின்மீது மட்டும் பழி போடல் ஒவ்வாது. தொழிலின் மாண்பைக் காக்கும் சங்கம், தொழில் செய்வோரின் வாழ்வைக் காப்பதைத் தன் தகுதிக்குக் குறைவென்று எண்ணலாகாது.

தோழர்களே! தொண்டு தூயதே. ஆனால் அது தானாகத் தரப்படுவது. சம்பளப் பட்டியலில் பிடித்தம் செய்யப்படுவதன்று. நூலகரைத் தொண்டர் என்று எவரேனும் மேடையிலே போற்றினால், அவருடைய மாத ஊதியம் எவ்வளவு என்று கேளுங்கள்!