எல்.ஆர்.ஈஸ்வரியின் ஒரே குரல்

தமிழில் சினிமாவைச் சாராத பாப் இசை யூடியூப் வந்த பிறகுதான் பிறந்தது என்று இப்போது அடிக்கடி எழுதப்படுகிறது. 2021இல் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யையே தொடக்கமாக வைப்பவர்கள் உண்டு. சற்றுப் பின்னே திரும்பிப் பார்ப்பவர்கள் ஏ.ஈ.மனோகரனின் பைலாவையும் உஷா உதூப்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு பட்டியலிலும் எல்.ஆர்.ஈஸ்வரிக்கு இடமில்லை. திரையிசை வரலாற்றில் ‘கிளப் டான்ஸ் பாடகி’ என்று ஒரு பத்தி, பக்தியிசையில் ‘அம்மன் பாட்டுக்காரர்’ என்று இன்னொரு பத்தி. ஒரு முழு வாழ்க்கை இப்படி இரண்டாக அறுபட்டுக் கிடக்கிறது. அறுத்தது தவறு.

ஆரம்பம் பலரும் அறிந்தது. 1939இல் சென்னையில் பிறந்த கத்தோலிக்கப் பெண், இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. அம்மா ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடியவர். அவர் கையைப் பிடித்துப் போன மகளும் கோரஸில் நின்றார். எம்.எஸ்.ராஜேஸ்வரி ஏற்கெனவே பெயர் பெற்றிருந்ததால் இவர் எல்.ஆர்.ஈஸ்வரி ஆனார். கே.வி.மகாதேவன் 1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் தனிப்பாட்டு கொடுத்தார். 1961இல் ‘பாசமலர்’ படத்தின் திருமணப் பாட்டு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் வந்தது. அறுபது ஆண்டுகளாகக் கல்யாண மண்டபங்களை விட்டு அது இறங்கவில்லை.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் நிதானமாகக் கேட்க வேண்டியவை. அன்றைய தமிழ்ப் படம் குரல்களுக்கு ஒழுக்கம் பிரித்துக் கொடுத்திருந்தது. கதாநாயகிக்குப் பி.சுசீலா. ஹோட்டலில் ஆடுபவளுக்கும், வில்லனின் கூட்டாளிக்கும், வாயாடித் தோழிக்கும் ஈஸ்வரி. இந்தப் பங்கீடு அநியாயமானது. ஆனால் சுசீலாவுக்குக் கிடைக்காத ஒரு சுதந்திரத்தை அதுவே ஈஸ்வரிக்குத் தந்தது. கதாநாயகியின் தொண்டை எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆடுபவளின் தொண்டை சிரிக்கலாம், விக்கலாம், பெருமூச்சு விடலாம், கூவலாம். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ (1966) படத்துக்கு வேதா இசையில் பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’, ‘குடியிருந்த கோயில்’ (1968) படத்தில் டி.எம்.சௌந்தரராஜனுக்குச் சரிக்குச் சரி நின்ற ‘துள்ளுவதோ இளமை’, ‘சிவந்த மண்’ணின் (1969) சவுக்கடி நடனப் பாட்டு என்று வரிசையாகக் கேட்டால், அந்தச் சிரிப்பும் மூச்சும் சுதியை விட்டு அரை இழைகூட விலகுவதில்லை என்பது தெரியும். எல்லாம் தாளக் கணக்குக்குள் விழுபவை. ‘வெள்ளி விழா’ (1972) படத்தில் வி.குமார் இசையமைத்த ‘காதோடுதான் நான் பாடுவேன்’ இதற்கு நேர் எதிர்முனை. குரல் கிசுகிசுப்பாகத் தாழ்கிறது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் முழுசாக விழுகிறது. மைக்குக்கு எவ்வளவு நெருங்கி நிற்க வேண்டும் என்று தெரிந்த பாடகிக்கு மட்டுமே வாய்ப்பது அது. பாப் இசை என்பதே மைக்கை ஒரு வாத்தியமாகக் கையாளும் கலைதான்.

பிரான்சில் இதே ஆண்டுகளில் பிரான்ஸ் கால் என்ற சின்னப் பெண் பாடிக்கொண்டிருந்தார். 1965இல் யூரோவிஷன் போட்டியில் லக்சம்பர்க் சார்பில் வென்றபோது அவருக்கு வயது 17. பாட்டு எழுதியவர் செர்ஜ் கேன்ஸ்பூர். அடுத்த ஆண்டு அவரே எழுதித் தந்த குச்சிமிட்டாய்ப் பாட்டில் ஒளிந்திருந்த இரட்டை அர்த்தம் தனக்கு அப்போது புரியவில்லை என்றும், புரிந்தபின் அவமானமாக இருந்தது என்றும் கால் பின்னாளில் சொன்னார். ஈஸ்வரிக்கு ‘பணமா பாசமா’வின் (1968) இலந்தைப் பழப் பாட்டு வந்தது. பட்டிதொட்டியெல்லாம் பாடிய அந்தப் பாட்டுக்குக் கிடைத்த கண்டனத்தில் பெரும்பங்கு பாடிய பெண்ணின் தலையில்தான் விழுந்தது. இரண்டு தேசத்திலும் பாடகியின் தொழில்வழி ஒன்றுதான்: எழுதுபவர், இசையமைப்பவர், படமெடுப்பவர் எல்லோரும் ஆண்கள், முகமும் பெயரும் அவளுடையது. கால் 1970களில் மிஷேல் பெர்ஜேவின் பாடல்களோடு திரும்பி வந்தார். பிரெஞ்சு விமர்சகர்கள் அந்த இரண்டாம் பாதியை அவருடைய பாப் வாழ்க்கையின் முதிர்ச்சி என்றே எழுதுகிறார்கள்.

ஈஸ்வரிக்கும் இரண்டாம் பாதி அமைந்தது. அம்மன் பாடல்கள். ‘செல்லாத்தா’, ‘கற்பூர நாயகியே’ போன்றவை படத்துக்காகப் பதிவானவை அல்ல; இசைத்தட்டாகவும் பிறகு கேசட்டாகவும் தாமாகவே விற்றவை. நடிகரின் முகம் இல்லை, கதை இல்லை, அட்டையில் இருப்பது அம்மனும் பாடகியும்தான். பாப் ஆல்பம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் கிடையாது. பாடும் முறையிலும் துறவறம் எதுவும் இல்லை. உடுக்கையும் பம்பையும் ஏறும்போது குரல் ஏறுகிற விதம், வரி முடிவில் வரும் வெட்டு, அழைப்பில் உள்ள உரிமை எல்லாம் கிளப் பாட்டில் பழகியவை. அங்கே ஆடவைத்த குரல் இங்கே சாமியாட வைத்தது.

இந்தப் பாடல்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்குப் பெங்களூரின் தெற்கு ஓரத்துச் சந்தாபுராவைப் பார்க்கலாம். ஓசூர் ரோட்டிலிருந்து ஆனேக்கல் ரோடு பிரிகிற இடம். பக்கத்திலேயே பொம்மசந்திராவின் தொழிற்சாலைகள். வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள் ஏராளம். இப்படிப்பட்ட ஊர்களில் ஆடி வெள்ளி என்றால் வேப்பிலைத் தோரணம், கூழ்ப் பானை, கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், விடிவதற்கு முன்பே ஈஸ்வரி. இசைத்தட்டு கேசட்டாகி, கேசட் பென் டிரைவ் ஆனபோதும் பாட்டு மாறவில்லை. கன்னடக்காரர்களுக்கும் அந்தக் குரல் அந்நியமல்ல. ராஜ்குமார் நடித்த ‘பரோபகாரி’ (1970) படத்தில் அவர் பாடிய ‘ஜோக்கே நானு பள்ளிய மிஞ்சு’ அங்கே இன்றும் மேடையேறுகிறது. மொழி எல்லையைத் தாண்டி இரண்டு தலைமுறைக்கு மனப்பாடமான ஒரு தொகுப்பைப் பக்தி என்ற ஒரு சொல்லால் இசை வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவது விமர்சனமாகாது.

திரையில் அவர் ஒதுங்கிய கதை சுருக்கமானது. ‘அவள் ஒரு தொடர்கதை’ (1974) வரை வலுவான பாட்டுகள் வந்தன. 1976க்குப் பிறகு இளையராஜாவின் காலத்தில் கதாநாயகியின் குரலும் கவர்ச்சிப் பாட்டின் குரலும் எஸ்.ஜானகி என்ற ஒரே பாடகியிடம் சேர்ந்தன. பழைய பங்கீடு ஒழிந்தது நல்லதுதான். அதை வைத்தே பிழைப்பு அமைந்த பாடகிக்கு வேலை போனது. தமிழ்ப் பாப் வரலாற்றை எழுதுபவர்கள் சேனல்களை விட்டுவிட்டு இசைத்தட்டுக் கடையிலிருந்தும் சவுண்ட் சர்வீஸ்காரரிடமிருந்தும் தொடங்கினால், அந்த ஆண்டுகளில் ஈஸ்வரி எங்கே இருந்தார் என்பதற்குப் பதில் கிடைத்துவிடும்.

2011இல் ‘ஒஸ்தி’ படத்தின் ‘கலாசலா’வுக்குத் தமன் அவரை அழைத்து டி.ராஜேந்தருடன் பாடவைத்தார்; அது கிளப் பாட்டின் வாரிசு. 2020இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்தின் ‘ஆடிக் குத்து’ அம்மனையும் குத்துப்பாட்டையும் ஒரே மெட்டில் கட்டியது. அதைப் பாடியபோது அவருக்கு வயது எண்பது.