தேனும் தினைமாவும், ஒரு துண்டு கேக்கும்

ஒரு கேக்கின் படத்தைப் பார்த்து அழுதிருக்கிறீர்களா? நான் அழுதிருக்கிறேன். சென்னையிலிருந்து திருத்தணிக்கு வரும் மின்சார ரயிலில், அரக்கோணம் தாண்டிக் கூட்டம் குறைந்து, ஜன்னலோரம் இடம் கிடைத்த ஒரு மாலையில். மடியில் இருந்தது ஃபூமி யோஷினாகாவின் ‘ஆன்டீக் பேக்கரி’ முதல் பாகம். எதிரில் இருந்த பூக்காரம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் புரட்டி வளர்ந்த கைக்கு இரண்டே நாளில் பழகிவிடும். சண்டை, சாகசம், பேய், பள்ளிக்கூடக் காதல் எல்லாமே அதில் உண்டு. எனக்கு உயிர், மாவு பிசையும் மங்காக்கள்தான். அவற்றைப் பற்றி யாரிடமாவது வாய் ஓயாமல் பேச வேண்டும் என்று எத்தனையோ நாளாகக் காத்திருக்கிறேன். இன்று நீங்கள் கிடைத்தீர்கள்!

‘ஆன்டீக் பேக்கரி’யிலிருந்தே தொடங்குகிறேன். 1999-இல் தொடராக ஆரம்பித்து 2002-இல், நான்கே பாகங்களில் முடிந்த கதை. அந்த 2002-லேயே கோடன்ஷா மங்கா விருதும் வாங்கியது. பழம்பொருள் விற்ற கடை ஒன்று கேக் கடையாகிறது. அதன் முதலாளி தாச்சிபானாவைச் சின்ன வயதில் ஒருவன் கடத்திக்கொண்டு போய், அடைத்து வைத்திருந்த நாளெல்லாம் கேக்கையே ஊட்டினான். அன்றிலிருந்து தாச்சிபானாவுக்குக் கேக் தொண்டையில் இறங்காது. அப்படிப்பட்டவன் கேக் கடை வைக்கிறான்! ஏன் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே படித்து நெஞ்சு அடைக்க வேண்டும்.

அங்கே கேக் செய்யும் மேதை ஓனோ. பள்ளி நாளில் தாச்சிபானாவிடம் காதலைச் சொல்லி, அவன் வாயால் சுடுசொல் வாங்கியவன். எடுபிடியாக வந்து தொழில் பழகும் கான்டா, விழித்திரை விலகியதால் குத்துச்சண்டை மேடையை விட்டு இறங்க நேர்ந்த இளைஞன். ஆளுக்கொரு காயம். ஆனால் ஒருவரும் மற்றவரைப் பார்த்து “மனசு ஆறிச்சா?” என்று கேட்பதில்லை. முட்டை அடிக்கிறார்கள், க்ரீம் கலக்குகிறார்கள், தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். வாங்குகிறவர் முகம் மலர்கிறது. கொடுக்கிறவர் காயமும் ஒரு நூலளவு மூடுகிறது. முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள்தான். இருந்தும் ஸ்ட்ராபெரியின் சிவப்பு என் கண்ணுக்குத் தெரிந்தது. யோஷினாகா அம்மாவின் பேனாவுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

இப்படி மனதை ஆற்றும் படைப்புகளுக்கு ஜப்பானில் தனிப் பெயரே இருக்கிறது: ‘இயாஷிகேய்’. இயாஷி என்றால் ஆற்றுவது, தணிப்பது. இந்தச் சொல்லை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. ஏனென்றால் என் ஊரின் பெயரே அதுதானே! சூரபதுமனை வென்ற முருகனுடைய சினம் தணிந்த மலை என்பதால்தான் இது தணிகை. போர் நடந்த ஊர் திருச்செந்தூர். போரின் சூடு ஆறிய ஊர் திருத்தணி. ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படி ஏறிப் போகிற ஒவ்வொருவரும் தன் சூட்டை இறக்கி வைக்கத்தான் போகிறார்கள்.

இந்த மலையில்தான் வள்ளியை மணந்தான் முருகன். அந்தக் காதல் எதில் தொடங்கியது? கிழவன் வேடத்தில் வந்து பசிக்கிறது என்றவனுக்குத் தினைப்புனத்துப் பெண் அள்ளிக் கொடுத்த தேனிலும் தினைமாவிலும்! மாவும் இனிப்பும் ஒரு பெண்ணின் கையும் சேர்ந்தால் கடவுளே மயங்கி நிற்கிறான். முத்துசுவாமி தீட்சிதர் இங்கே வந்தபோது முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்தார், அந்த இனிப்பு நாவில் கரையும்போதே முதல் கீர்த்தனை பிறந்தது என்பார்கள். ஒரு வாய் இனிப்பு என்ன செய்யும் என்பதை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, ஜப்பானியக் கேக் கதைகள் எனக்கு ஒரு நாளும் அந்நியமாகத் தோன்றியதில்லை.

‘ஒன் பீஸ்’ தெரியாத இளைஞர் இன்று குறைவு. அதில் கேக் தீவின் ராணி பிக் மாம், கல்யாணக் கேக் கிடைக்காத வெறியில் ஊரையே நொறுக்கிக்கொண்டு நாயகன் கூட்டத்தைத் துரத்துவாள். அந்தக் கூட்டத்தின் சமையல்காரன் சாஞ்சி என்ன செய்கிறான்? அவளுக்காக இன்னொரு கேக் செய்கிறான். எதிரிக்குப் போகிற கேக் என்பதற்காக விஷம் வைக்கவில்லை. தன்னால் முடிந்த அளவு ருசியாகச் செய்கிறான். ஒரு வாய் வைத்ததும் அந்தப் பெருங்கோபம் கரைந்து போகிறது. சினம் தணிந்த மலையடியில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் படித்த எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்!

தகாஷி ஹாஷிகுச்சியின் ‘யாகிதாதே!! ஜாப்பான்’ இன்னொரு ரகம். அதன் நாயகனுக்குக் கை எப்போதும் கதகதப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் நன்றாகப் புளித்து மாவு பொங்கும். ‘சூரியக் கை’ என்று அதற்குப் பெயர். தலைப்பில் உள்ள ‘பான்’தான் ஜப்பானியர் ரொட்டிக்குச் சொல்லும் சொல். யாழ்ப்பாணத்தில் ‘பாண்’ என்கிறார்களே, அதுவும் இதுவும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய ஒரே சொல்தான்.

இனி என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது: கிடோ அமாககுரேவின் ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’. மனைவியை இழந்த பள்ளி ஆசிரியர் கோஹெய், சின்ன மகள் த்சுமுகிக்காகச் சமையல் பழகுகிறார். கடைச் சாப்பாட்டிலேயே காலம் தள்ளிய அந்தக் குழந்தை, தன் கண்ணெதிரே மண்சட்டியில் சோறு பொங்கும் முதல் நாளில் கண் இமைக்காமல் பார்க்கும். பன்னிரண்டு பாகம். ஒரு பாகத்தையும் நான் கண் கலங்காமல் முடித்ததில்லை.

அதை நான் படித்தது அம்மா தவறிப்போன வருஷம். துக்க வீட்டில் ஓராண்டுக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து தர வேண்டும். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா போளி கொண்டுவந்து, “கொஞ்செம் தினம்மா” என்று என் கையில் வைத்தார். அப்பா தொடவில்லை. எட்டு மாதமாக அவர் வாயில் இனிப்பு போகவில்லை, பேச்சும் போய்விட்டது.

எனக்குத் த்சுமுகி ஞாபகம் வந்தாள். கேக் செய்தால் என்ன? தயங்கித் தயங்கி அத்தையிடம் கேட்டேன். “எண்ணெய்ச் சட்டிதானே வெக்கக் கூடாது? இது குக்கர்தானே, வெய்யி” என்றார். தீபாவளி கழிந்து நான் அதைச் செய்த நாள் கிருத்திகை, முட்டை ஆகாது. ஒரு கப் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, அரை ஸ்பூன் சமையல் சோடாவும் ஒன்றேகால் ஸ்பூன் பேக்கிங் பவுடரும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் நுரைத்து வந்தது. அரை கப் எண்ணெய், ஒன்றேகால் கப் மைதா, வள்ளியை நினைத்துக் கால் கப் தினைமாவு. குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம். வெந்ததும் மேலே குச்சியால் குத்தித் தேனை ஊற்றினேன். நம் ஊர் பேக்கரிகளில் கண்ணாடிக்குள் பளபளக்கும் ஹனி கேக்கின் வாசம் வீடெல்லாம் நிறைந்தது.

அப்பா கையில் ஒரு துண்டை வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிட்டார், முழுவதும். “தினை எங்க வாங்கின?” என்றார். எட்டு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மறுநாள் காலை, நான் எழுவதற்கு முன்பே கடைத்தெருவுக்குப் போய் அரை கிலோ தினை வாங்கி வந்திருந்தார்.

மங்காவில் கேக் ஏன் இப்படி ஆட்டிப்படைக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. ஆறுதல் சொல்லத் தெரியாதவர்களுக்கு அது வார்த்தை. ‘உனக்காக ஒரு மணி நேரம் அடுப்படியில் நின்றேன்’ என்பதை அது வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறது. கேட்கிறவரும் பதில் பேச வேண்டியதில்லை, சாப்பிட்டால் போதும்.

ஆகவே, அன்பர்களே, ‘ஆன்டீக் பேக்கரி’யை எப்படியாவது தேடிப் படியுங்கள். ‘ஸ்வீட்னஸ் அண்ட் லைட்னிங்’கை வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து படியுங்கள். உங்கள் தெருவில் இந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு ஒன்று நிச்சயம் இருக்கும். ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள்.