பித்தால் வருவதல்ல எழுத்து

படைப்பாளி என்றால் கொஞ்சம் பித்து இருக்கத்தான் செய்யும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. பிளேட்டோவே கவிஞனின் பித்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் எழுத்தாளர்களை நேரில் கண்டு, முறையாகக் கேட்டறிந்து இதைச் சோதிக்கும் முயற்சி சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேகம் பிடித்தது.

அதில் முதன்மையானவர் அமெரிக்காவின் நான்சி ஆண்ட்ரியாசன். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு மருத்துவம் படித்து மனநல மருத்துவரானவர். அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 பேரையும், வயதிலும் கல்வியிலும் அவர்களை ஒத்த, வேறு தொழில் செய்யும் 30 பேரையும் நேர்கண்டு, 1987இல் முடிவுகளை வெளியிட்டார். எழுத்தாளர்களிடம் மனச்சிதைவின் சாயலைத்தான் அவர் எதிர்பார்த்தார். தென்பட்டதோ மனச்சோர்வும், சோர்வும் உச்ச எழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறும். எழுத்தாளர்களில் 80 சதவீதத்தினர் ஒருமுறையாவது இத்தகைய மனநிலைக் கோளாறுக்கு ஆளாகியிருந்தனர். மற்றவர்களில் 30 சதவீதத்தினர்.

இந்த ஆய்வுக்கு வந்த மறுப்புகள் வலுவானவை. ஆட்கள் குறைவு, இடமும் ஒன்றே. எதிரில் இருப்பவர் எழுத்தாளர் என்று தெரிந்தே ஆய்வாளர் கேள்வி கேட்டார். மறைந்த மேதைகளின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து நோயைக் கண்டறியும் ஆய்வுகளின் நிலை இன்னும் பலவீனமானது. கொந்தளிப்பான வாழ்க்கைதானே நூலாகிறது!

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறைகளைப் பெரிதும் தாண்டியது. ஏறத்தாழ 12 லட்சம் நோயாளிகளின் பதிவுகளை அவர்கள் அலசினர். படைப்புத் தொழிலில் இருப்போரைப் பொதுவாகப் பார்த்தால், இருமுனைக் கோளாறு தவிர வேறு மனநோய்கள் கூடுதலாக இல்லை. எழுத்தாளர்கள் மட்டும் விதிவிலக்கு: அவர்களிடம் மனச்சோர்வு, மனச்சிதைவு, போதைப் பழக்கம், தற்கொலை எல்லாமே கூடுதலாக இருந்தன.

இத்துறை ஆய்வுகளின் இன்னொரு கிளை, எழுத்தாளரை விட்டுப் பிரதியையே ஆராய்கிறது. 2001இல் ஸ்டர்மன், பென்னிபேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் தற்கொலை செய்துகொண்ட 9 கவிஞர்களின் கவிதைகளை வேறு 9 கவிஞர்களின் கவிதைகளோடு ஒப்பிட்டனர். முன்னவர்களிடம் ‘நான்’, ‘என்’ போன்ற சொற்கள் அதிகம். தன்னைச் சுற்றியே சுருங்கும் தனிமையின் தடம் அது என்பது அவர்களின் விளக்கம்.

தமிழில் மனநோயையும் எழுத்தையும் இணைத்துப் பார்ப்பதில் நமக்கு முன்னால் நிற்பவர் எழுத்தாளர் கோபிகிருஷ்ணன். ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலில், மனநோயாளிகளை வேடிக்கைப் பொருளாக்காமல் அவர்கள் குரலிலேயே பேசவிட்டார். நம் ஆய்வாளர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இத்தனை ஆய்வுகளும் தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, நோய்தான் எழுத்தைத் தருகிறது என்று எதுவும் நிறுவவில்லை. ஆண்ட்ரியாசனிடம் பேசிய எழுத்தாளர்கள், சோர்விலும் உச்ச எழுச்சியிலும் தங்களால் எழுத முடியவில்லை, மனம் தெளிந்திருந்த நாட்களில்தான் எழுதினோம் என்றே சொன்னார்கள். ஆகவே, மருந்து சாப்பிட்டால் எழுத்து வற்றிவிடும் என்று ஓர் எழுத்தாளரை அச்சுறுத்துவது பெருங்கொடுமை. துன்புறும் படைப்பாளியை வியந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவர் சிகிச்சை பெறத் துணை நிற்பதே இலக்கியத்துக்கு நாம் செய்யும் உதவி.