நியூ லனார்க்: யார் ஆக்கிய ஊர்?

ஸ்கொட்லாந்தில் கிளைட் நதியோரத்தே அமைந்துள்ள நியூ லனார்க் என்னும் சிற்றூரைச் சமூகச் சீர்திருத்தத்தின் தொட்டிலெனப் போற்றுவது வழக்கமாகிவிட்டது. நீர்விசையை நம்பி 1785-இல் டேவிட் டேல் நிறுவிய இப்பஞ்சாலைக் குடியிருப்பை, 1800 முதல் கால் நூற்றாண்டுக் காலம் நடத்தியவர் ரொபேட் ஓவன். ஆலைகள் 1968-இல் மூடப்பட்டன. பின்னர் மீட்கப்பட்ட கட்டிடங்களை 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இம்முயற்சி பாராட்டுக்குரியதே. எனினும், கற்களைக் காத்தால் வரலாறும் காக்கப்பட்டுவிடுமா என்று நாம் கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

ஓவனின் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதை அவர் நிறுத்தினார். 1816-இல் கல்விக்கூடம் திறந்தார். ஊர்க் கடைக்கு நல்ல பண்டங்களை மொத்தமாக வாங்கிக் குறைந்த விலைக்கு விற்று, இலாபத்தைப் பள்ளிக்குச் செலவிட்டார். 1844-இல் ரொச்டேல் தொழிலாளர் தொடங்கிய கூட்டுறவுக் கடைக்கு அவர் கருத்துக்கள் உரமாயின. நம்மூர்ச் சங்கக்கடையும் அம்மரபின் தூரத்து உறவே.

ஆனால் ரொச்டேல் கடை தொழிலாளருடையது. நியூ லனார்க் கடையோ ஆலை உடைமையாளருடையது. இவ்வேறுபாடு சிறியதன்று. ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு நிறம் தீட்டிய மரக்கட்டையொன்று தொங்கிற்று. முந்திய நாள் நடத்தை தீயதெனின் கறுப்பு; மிக நன்றெனின் வெள்ளை. தீர்ப்பு மேலிருந்தே வந்தது. 'சமுதாயம் பற்றிய ஒரு புதிய நோக்கு' என்ற தம் நூலிலும், உயிரற்ற யந்திரங்களைப் பேணும் ஆலையதிபர் உயிருள்ள யந்திரங்களையும் பேணினால் பயனடைவர் என்றே ஓவன் வாதிடுகிறார். கருணை நிறைந்த வாதந்தான். ஆயினும் அங்கு மனிதன் யந்திரமாகவே எண்ணப்படுகிறான்.

ஓவனுக்கு முன்னரே அவ்வூரை ஆக்கியவர் யாவர்? 1793-இல் அங்கு உழைத்த ஏறத்தாழ 1150 பேருள் 800 பேரளவில் சிறுவர். அவர்களுட் பலர் ஆதரவற்ற பிள்ளைகள். அக்காலத்து ஸ்கொட்லாந்து ஆலைகளுக்கு வந்த பஞ்சிற் பெரும்பகுதியோ, கடலுக்கப்பால் அடிமைகள் பறித்தது. இவர்கள் தம் கதையை எழுதிவைக்கவில்லை, ஓவன் எழுதினார். எழுதியவன் கதையே ஊரின் கதையாயிற்று.

பழைய தொழிலூர்களைப் பேணுக. ஆனால் அவற்றைக் காணச் செல்வோர், கட்டிடத்தின் உயரத்தை வியக்குமுன், அதனுள் நின்று உழைத்த சிறுவனின் உயரத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவனுக்கு இடமளியாத வரலாறு, முதலாளியின் வாழ்க்கைக் குறிப்பேயன்றி ஓர் ஊரின் வரலாறாகாது.