தாயகமும் உறவுப் பட்டியலும்

'தாயகம்' நம் கவிதையில் மலிந்துபோன சொற்களில் ஒன்று. பாட்டில் அதற்கு வாசல் உண்டு, வாசற்காவலன் கிடையாது. ஏங்கினால் போதும், உள்ளே போய்விடலாம். நிஜமாகவே அங்கு போக முயன்றவர்களைப் பற்றிய எழுத்தை எந்த அளவுகோலால் படிப்பது என்பதுதான் இங்கு என் பிரச்னை.

கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த பாடல்களில் ஜெருசலேமுக்கான ஏக்கம் உண்டு. அவற்றில் பலவற்றை ஆங்கிலத்தில் தந்தவர் ரூபி டேனியல். 1951ல் இஸ்ரேலுக்குப் போனவர். பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய நினைவு நூல், 'ரூபி ஆஃப் கொச்சின்', 1995ல் வெளிவந்தது. இம்மாதிரி நூலைப் பாட்டுக்காகவும் சடங்குக்காகவும் படித்துச் சிலிர்த்து மூடிவைப்பது நம் வழக்கம். இதை அரை வாசிப்பு என்றே சொல்வேன். ஏனெனில் பாட்டுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவில் ஒரு மேஜை இருந்தது. யானைக்கால் நோய் பரவிவிடும் என்று இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகள் அஞ்சினார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட அந்தச் சமூகத்தின் பெரும்பகுதி 1954, 55 வரை காத்துக்கிடக்க நேர்ந்தது. இவர்களுக்காக 1953ல் இஸ்ரேல் போய்ப் பேசிய வக்கீல் ஏ. பி. ஸலேம் 1967ல் கொச்சியிலேயே இறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பிரார்த்தனையில் இருந்த ஒரு சொல், ஒரு மருத்துவச் சான்றுக்குக் காத்திருந்தது.

பம்பாய்ப் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்களுக்குத் தொல்லை போய்ச் சேர்ந்த பிறகு வந்தது. 1950ன் திரும்பி வருவோர் சட்டம் அவர்களை உள்ளே விட்டது. ஆனால் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனால், தாய் யார், பாட்டி யார், எட்டும் மட்டும் பின்னால் போய் விசாரி என்று தலைமை மதபீடம் 1962ல் உத்தரவு போட்டது. போராட்டம் நடந்தது. எல்லா வகையிலும் அவர்கள் யூதர்களே என்று 1964 ஆகஸ்டில் பாராளுமன்றம் சொன்ன பின்புதான் மதபீடம் அவர்கள் பெயரை உத்தரவிலிருந்து எடுத்தது.

இங்கு என்னை உறுத்துவது அதிகாரியின் கொடுமை அல்ல, அவன் கையாளும் இலக்கிய வடிவம். அது உறவுப் பட்டியல். காஞ்சிபுரத்தில் இருந்து எழுதுகிற எனக்கு இது புதிதாகப் படவில்லை. தெற்கே சற்றுத் தூரத்தில் உத்திரமேரூர்ச் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனை வாரியத்திலிருந்து விலக்குகிறது. அவனோடு விடவில்லை. தாயின் சகோதரிகளின் பிள்ளைகள், மாமன், மாமனார், மருமகன், தகப்பன், மகன் என்று ஒவ்வொருவராக எண்ணி விலக்குகிறது. குடவோலை என்று நாம் பெருமைப்படும் அதே கல்தான்.

இதே வடிவம் கொச்சி யூதர்களின் செப்பேட்டிலும் இருக்கிறது. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகளை வட்டெழுத்தில் வெட்டிக் கொடுத்தான். அங்கும் பிள்ளைகள், பெண்கள், மருமக்கள் எண்ணப்படுகிறார்கள். உரிமை அவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. அந்நிய மன்னன் உறவை எண்ணிக் கொடுத்தான். தாயகத்தின் மதபீடம் உறவை எண்ணிச் சந்தேகித்தது. பட்டியல் ஒன்றே, வினைச்சொல் வேறு. இந்த வினைச்சொல்லைக் கேட்கிற காது விமர்சகனுக்கு வேண்டும்.

யூதக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அதே 1964ஐப் பார்க்கட்டும். அந்த அக்டோபர் 30ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யாரையும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கக் காகிதம் பெயர் வைத்தது. அவர்களில் பலர் பிறந்ததே தேயிலைத் தோட்டத்தில். திரும்புவது என்ற வினை அவர்கள் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. அது விண்ணப்பத்தில் மட்டும் நடந்தது.

ஆக, கவிஞன் உருகிச் சொல்லும் 'தாயகம்' இங்கு குமாஸ்தாவின் ரப்பர் ஸ்டாம்பில் ஏறிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதப்படும் ஏக்கக் கவிதை எனக்குப் பொய்யாகப் படுகிறது. ஏக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. கொச்சிப் பெண்களின் பாட்டு நிஜம். ஆனால் அந்தப் பாட்டைப் பாடியவர்களே, பிறகு ஒரு மேஜையின் முன்னால் மருத்துவச் சான்றுக்கும் காத்திருக்கவேண்டி வந்தது. இரண்டையும் ஒரே குரலில் கேட்கவைக்கும் எழுத்து வேண்டும். நம் கதைகளில் விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் கேலிக்கோ கண்ணீருக்கோ ஒரு சாதனமாக மட்டுமே வந்துபோகிறது. அதன் வாக்கியத்துக்குள் புகுந்து, அது மனிதனை எப்படிப் பெயர்த்து எழுதுகிறது என்று காட்டுவது கடினமான வேலை. அந்த வேலையைச் செய்பவனிடம்தான் இனி 'தாயகம்' என்ற சொல்லை நம்பி ஒப்படைக்கமுடியும்.